புழுக்களைக் கொண்டு உணவுக் கழிவை அகற்றினால் வீடெங்கும் ஈக்கள் மொய்க்காதா?

மொய்க்காது. இதற்குப் பயன்படுவது வீட்டு ஈ அல்ல, பிளாக் சோல்ஜர் ஃபிளை எனப்படும் கருநிற ஈ. இது கடிப்பதில்லை; நம் தட்டில் வந்து உட்காருவதும் இல்லை. வளர்ந்த ஈ பெரும்பாலும் புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஓரிரு வாரம் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. தின்பதெல்லாம் புழுதான்!

அந்தப் பசி வியப்பூட்டுவது. இரண்டு மூன்று வாரங்களில் கழிவின் எடையைப் பாதியளவுக்கும் கீழே கொண்டுவந்துவிடும். வளர்ச்சி முடிந்ததும் புழு கருநிறமாகி, தின்பதை நிறுத்தி, உலர்ந்த இருட்டிடம் தேடித் தானே ஏறி வெளியேறும். தொட்டியில் ஒரு சாய்தளமும் அதன் முடிவில் ஒரு வாளியும் வைத்தால் போதும், அறுவடை தானாகவே நடக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். உலர்ந்த புழுவில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம்; மீனுக்கும் கோழிக்கும் அருமையான தீவனம். எஞ்சும் எச்சத்தை இன்னும் சிறிது மக்கவிட்டு உரமாக்கலாம்.

நாற்றம் வந்தால் பெரும்பாலும் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். மரத்தூளோ உலர்ந்த இலையோ கலந்து, கழிவைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போடுங்கள். 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. கழிவில் காட்மியம் போன்ற கன உலோகம் இருந்தால் அது புழுவின் உடலில் சேர்ந்துவிடும். ஆகவே தீவனத்துக்கு வளர்ப்பவர்கள் தூய உணவுக் கழிவை மட்டுமே போட வேண்டும்.