ஏசிக்கு முன்னால் மொட்டை மாடியைப் பாருங்கள்

திருச்சியில் 30-க்கு 40 மனையில் வீடு கட்டும் வாசகர் ஒருவரின் கேள்வி: மேற்கு பார்த்த வீடு, தரைத்தளம் மட்டும்தான். கூரைத் தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், படுக்கையறை. கையில் மிச்சம் ஒன்றரை லட்சம். ஃபால்ஸ் சீலிங்கும் இரண்டு ஏசியும் போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி, செய்யலாமா?

வேண்டாம். முதல் செலவு மொட்டை மாடிக்குத்தான். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும், ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் காற்று அனலாக வருவது அதனால்தான். ஃபால்ஸ் சீலிங் கொஞ்சம் தடுக்கும், ஆனால் மேலே தளம் காய்வது நிற்காதே! ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிக் கசிவு பாருங்கள், வாட்டம் சரிபாருங்கள், வாட்டர்புரூஃபிங் முடியுங்கள், அப்புறம் வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டுங்கள். பட்ஜெட் கையைக் கடித்தால் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட்கூட நல்லதுதான். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் வருஷா வருஷம் பங்குனியில் கழுவிவிட வேண்டும்.

அடுத்தது அந்தப் படுக்கையறை. சாய்ந்து வரும் மாலை வெயிலை இரண்டடி சன்ஷேடால் மறைக்க முடியாது. தெற்கு ஜன்னலுக்கு அதே இரண்டடி தாராளம், ஏனென்றால் சித்திரையில் உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே, பிறகு ஆடி வரை வடக்கே சாய்ந்துதான் போகும். ஆகவே பெரிய ஜன்னல் தெற்கில் இருக்கட்டும். மேற்கை முழுசாக அடைக்கச் சொல்ல மாட்டேன், ஆடிக்காற்று வருவதே அந்தப் பக்கமிருந்துதான். சின்ன ஜன்னல் வைத்து வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். பீரோ, அலமாரியெல்லாம் மேற்குச் சுவரோடு போகட்டும். வாசலில் ஒரு புங்கங்கன்றும் நடுங்கள்.

இதெல்லாம் செய்தால் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி போதும். வெளி யூனிட்டை மேற்கு வெயிலில் மாட்டாதீர்கள். ஃபேன் எல்லாம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகையாக வாங்குங்கள். 75 வாட் பழைய ஃபேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 67 யூனிட், 30 வாட் ஃபேனுக்கு 27 தான். ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது அறைக்கு ஏசி பாயின்ட்டும் தண்ணீர் வடிகிற குழாயும் மட்டும் பூச்சுக்கு முன்பே சுவருக்குள் விட்டுவிடுங்கள். குடிபோய் ஒரு கோடை கழித்து, தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்.