ஊடகமும் கல்வியும் ஒரு நகரத்தைப் பசுமையாக்க முடியுமா?

முடியும். ஆனால் "இயற்கையைக் காப்போம்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. இன்றே, இந்த வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதைக் காட்ட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைப் பாருங்கள். 2018-இல் குழாய்கள் வறண்டுபோகும் நிலை. பிப்ரவரி முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. அணைகளில் எஞ்சியிருந்த நீரின் அளவு செய்திகளில் ஓயாமல் வந்தது. மக்கள் குளிக்கும்போது காலடியில் வாளியை வைத்து, சேர்ந்த நீரைக் கழிப்பறையில் ஊற்றினார்கள். குழாய்கள் அடைக்கப்படும் என்று அஞ்சிய அந்த 'பூஜ்ய நாள்' வரவே இல்லை. கட்டண உயர்வும் பின்னர் பெய்த மழையும் கைகொடுத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அணை நீரின் அந்த அளவைத் தினமும் பார்த்ததால்தான் வாளி குளியலறைக்குள் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரேசிலின் குரிடிபா 1989-இல் குப்பையைத் தரம் பிரிக்கத் தொடங்கியபோது பள்ளிக் குழந்தைகளைப் பெரிதும் நம்பியது. பிள்ளை கற்றுவந்து வீட்டில் பெரியவர்களைத் திருத்தும். சட்டத்துக்கு இல்லாத செல்வாக்கு அதற்கு உண்டு! பிறகு, 4 கிலோ மறுசுழற்சிப் பொருளுக்கு 1 கிலோ காய்கனி என்ற பண்டமாற்றுத் திட்டமும் வந்தது.

பள்ளிகள் கட்டுரைப் போட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மாணவர்களே வாரந்தோறும் மின்மீட்டரைப் படித்துக் கரும்பலகையில் எழுதட்டும். ஊடகங்களும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-இல் மரம் நடும் படத்தைப் போட்டால் போதாது. அடுத்த ஜூனில் அதே இடத்துக்குப் போய், அந்தக் கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.