கொழுந்து பறிக்கும் சிலிக்கோன் விரல் கணிப்பில் வளையாதது ஏன்?
வணக்கம். ஹட்டனில் கொழுந்து பறிக்கும் கருவிக்காக நீங்கள் வார்த்த சிலிக்கோன் விரல் கையில் எளிதாக வளைந்தும், முடிவுறு மூலகக் கணிப்பில் (பொருளை மூலகங்கள் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து அதன் வளைவைக் கணினியில் கணிக்கும் முறை) மரக்கட்டைபோல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு சிலிக்கோனில் இல்லை. நான்கு கணு நான்முகி மூலகங்களுடன் (மூலைகளில் மட்டும் கணு எனும் புள்ளிகள் உள்ளவை) புவசோன் விகிதத்தை (நீட்டும்போது பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பதன் அளவு; 0.5 எனில் கனவளவு மாறாது) 0.499 எனக் கொடுத்ததே காரணம் என்பது என் உறுதியான கருத்து. அந்த விகிதத்தில் பருமன் மட்டு (கனவளவு மாற்றத்தை எதிர்க்கும் அளவு) விறைப்பு மட்டின் (வடிவ மாற்றத்தை எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 500 மடங்காகிவிடுவதாலும், அத்தகைய மூலகம் ஒவ்வொன்றினுள்ளும் விகாரம் (உருமாற்றத்தின் வீதம்) மாறிலியாக இருப்பதாலும், கனவளவு மாறாமல் வளைவதற்குக் கணுக்களுக்கு வழியே இல்லாமல் போகிறது. ஆகவே மூலக வலையை மேலும் நுணுக்கி நேரத்தை இழக்காதீர்கள். பத்துக் கணு நான்முகிகளுக்கு (விளிம்புகளின் நடுவிலும் கணுக்கள் உள்ளவை) மாறி, அமுக்கத்தைத் தனி மாறியாகக் கொள்ளும் கலப்பு வடிவத்தைத் தெரிவுசெய்யுங்கள். பெரிய உருமாற்றத்துக்கான தெரிவையும் இயக்குங்கள்.

விறைப்பு மட்டு 0.1 மெகாபாஸ்கல் என்ற உங்கள் எண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அதே வார்ப்பில் 10 மில்லிமீற்றர் அகலமும் 2 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள பட்டியொன்றை வெட்டி, நடுவில் 20 மில்லிமீற்றர் இடைவெளியில் பேனாவால் இரு கோடுகள் இட்டு, ஏறத்தாழ 215 கிராம் எடையைத் தொங்கவிட்டால், நியோ-ஹூக்கியன் மாதிரிப்படி (இறப்பர் போன்ற பொருட்கள் நீளும் விதத்தைக் கூறும் சமன்பாடு) அந்த இடைவெளி 30 மில்லிமீற்றராக வேண்டும். அதைவிடக் குறைவாக நீண்டால் விறைப்பு மட்டின் எண்ணைக் கூட்டுங்கள்.