ஊசி ஏறாத சான்ட்ரோ

வண்டி கேள்வி-பதில்

கேள்வி: சார், என்னுடையது 2007 மாடல் சான்ட்ரோ, பெட்ரோல். கிலோமீட்டர் 1,92,000 தாண்டிவிட்டது. போன வாரம் வீட்டுக்குப் பின் தெருவில் இருக்கிற பங்கில் புகை டெஸ்டுக்கு விட்டேன், ஃபெயில். சீட்டில் சி.ஓ. 1.9, எச்.சி. 610 என்று இருக்கிறது. எங்கள் மெக்கானிக் "இன்ஜின் வேலை வந்துடுச்சு, இறக்கிடலாம்" என்று 35,000 ரூபாய் கேட்கிறார். ஆயில் குறைவதில்லை, வண்டி சூடும் ஆவதில்லை, டெம்பரேச்சர் ஊசி கால்வாசிக்கு மேல் ஏறினதே கிடையாது, அவ்வளவு நல்ல இன்ஜின். மைலேஜ் மட்டும் பத்துக்கு இறங்கிவிட்டது. இறக்கலாமா, இல்லை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இறக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். உங்கள் வண்டிக்கு என்ன நோய் என்று உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள், அதுவும் பெருமையாக.

முதலில் அந்தச் சீட்டு. 2007-இல் சென்னையில் வாங்கிய பெட்ரோல் கார் பி.எஸ்.-3 ரகம் (பாரத் ஸ்டேஜ் என்கிற புகை விதியில் மூன்றாம் படி). அதற்கு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 0.5 சதவீதத்துக்குள்ளும் எச்.சி. 750-க்குள்ளும் இருக்க வேண்டும். உங்கள் எச்.சி. பாஸ். சி.ஓ. மட்டும்தான் கிட்டத்தட்ட நாலு மடங்கு. இது முக்கியம், ஏனென்றால் எச்.சி. என்பது எரியாமலே வெளியே வரும் பெட்ரோல், பிளக் சரியாக அடிக்காவிட்டாலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறினாலும் அதுதான் முதலில் எகிறும். சி.ஓ. என்பது அரைகுறையாக எரிந்தது, அதாவது காற்று போதாமல் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ரிங் போன வண்டியாக இருந்தால் ஆயில் குறையும், ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வரும். உங்களுக்கு அது எதுவும் இல்லை, மைலேஜ்தான் விழுந்திருக்கிறது. இன்ஜின் தேயவில்லை, அளவுக்கு மேல் குடிக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் குடிக்கிறது? ஊசி ஏறாததால்!

ரேடியேட்டர் தண்ணீர் போகிற வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. இன்ஜின் 80 டிகிரி வாக்கில் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைப்பது அதன் வேலை. நம் ஊரில் வண்டி ஒரு தடவை ஓவர்ஹீட் ஆனால் போதும், அதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்" என்று வெறும் மூடியை மாட்டிவிடுவார்கள். அப்புறம் வண்டி சூடே ஆகாது, நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் பெட்ரோல் அளக்கிறது. தண்ணீர் சூடாகவில்லை என்றால் அதற்கு எப்போதும் காலை ஐந்து மணிதான், இப்போதுதான் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் தூக்கலாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். கொளுத்துகிற மே மாதத்திலும்.

எனக்கும் இது நடந்தது. என்னிடம் இருந்த பழைய ஜென் நாலு வருஷம் ஊசி ஏறாமல் ஓடியது, நானும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். டெஸ்டில் இரண்டு முறை தோற்ற பிறகு ராயபுரத்தில் ஒரு வயதான மெக்கானிக் இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே காலி. எவர் கழற்றினார் என்று இன்றுவரை தெரியாது.

நீங்களும் அதைத்தான் முதலில் திறக்கச் சொல்லுங்கள், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு. வால்வு இருந்தால் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்பிரிங் அமுங்கித் தட்டு மெதுவாகத் திறக்கும், அடுப்பை அணைத்து ஆறவிட்டால் மூடும். ஆறின பிறகும் வாயைத் திறந்தே வைத்திருந்தால் செத்துவிட்டது, மாற்றுங்கள். (அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வேண்டாம், கூலன்ட் விஷம்.) புதுசு சில நூறு ரூபாய் விஷயம். ஒன்று மட்டும், யாரோ இதைக் கழற்றியிருந்தால் ஓவர்ஹீட் ஆனதால்தான் கழற்றியிருப்பார்கள். அதனால் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு என்னைத் திட்டுவீர்கள்.

இதைச் செய்தும் சி.ஓ. இறங்கவில்லை என்றால் மலிவிலிருந்து ஆரம்பியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். மணலியும் எண்ணூரும் பக்கத்தில், அந்தத் தூசிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது, உங்களுடையது அநேகமாக அடுப்புக்கரி மாதிரி இருக்கும். ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்த ஆயிலை மாற்றிவிட்டுத்தான் அடுத்த டெஸ்டுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்த ஆவியும் இன்ஜினுக்குள்தான் திரும்பப் போகிறது.

அதற்கும் அப்புறம்தான் ஆக்சிஜன் சென்சார், அதாவது புகையில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்கிற பாகம். அதை மாற்றுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து சைலன்சர் குழாயைப் பாருங்கள். காசிமேடு கடல் காற்றுக்கு இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சென்சாருக்கு முன்னால் ஒரு பொத்தல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கும், சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும், பெட்டி இன்னும் ஊற்றும். சென்சார் மேல் தப்பே இருக்காது. வண்டிப் பாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் ஒரே சென்சார் மூன்று விலையில் கிடைக்கும், அதில் ரொம்ப மலிவானதைத் தொடாதீர்கள். புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கடைசி. உள்ளே பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் இருப்பதால் விலை அதிகம். இவ்வளவு பெட்ரோல் குடித்த வண்டியில் அது களைத்துப் போயிருக்கலாம், ஆனால் குடியை நிறுத்தாமல் புதிய கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் கெட்டுவிடும்.

டெஸ்ட் நாளன்று பின் தெரு பங்குக்கு நேராகப் போகாதீர்கள். கன்வெர்ட்டர் வேலை செய்யவே 250, 300 டிகிரி சூடு வேண்டும், வீட்டிலிருந்து இருநூறு மீட்டர் உருட்டிக்கொண்டு போனால் அது பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். காலையில் லாரிகள் குறைவான நேரமாகப் பார்த்து எக்ஸ்பிரஸ் ரோட்டில் இருபது நிமிஷம் மூன்றாவது கியரில் கொஞ்சம் இழுத்து ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் நேராகப் போய் ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். முன்னால் நாலு ஆட்டோ நின்றால், உங்கள் முறை வந்ததும் ஒரு நிமிஷம் 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்துவிட்டு ஐடிலுக்கு விடுங்கள். இது ஏமாற்று இல்லை, சூடான இன்ஜினில்தான் அந்த டெஸ்டையே எடுக்க வேண்டும்.

கேள்வி: அண்ணே, வண்டியைக் கொண்டு போகாமலே நம்பர் சொன்னால் சீட்டு அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம் தம்பி. சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், அந்தப் பயம் புரிகிறது. ஆனால் பி.எஸ்.-3 வரைக்கும் சீட்டு ஆறு மாதம்தான் செல்லும் (பி.எஸ்.-4-க்கு மேல் ஒரு வருஷம்), ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரைத் தேடிக்கொண்டே இருப்பீர்களா? தவிர, அந்தக் காசுக்கு மேல் பெட்ரோலில் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: அப்பாவின் 1994 மாருதி 800 இன்னும் எங்களிடம் இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி, ஆர்.சி. புதுப்பித்துத்தான் வைத்திருக்கிறோம். இதையும் புது வண்டி மாதிரியேதான் அளப்பார்களா? எத்தனால் கலந்த பெட்ரோலால் ஃபெயில் ஆகுமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லைம்மா, உங்கள் வண்டிக்கு சி.ஓ. 3 சதவீதம், எச்.சி. 1500 வரை விடுவார்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானதே 1995 ஏப்ரலில்தான், உங்களுடையது அதற்கு முந்தியது. டெஸ்ட் எடுப்பவர் கம்ப்யூட்டரில் தப்பான ரகத்தைத் தட்டிவிடாமல் பக்கத்தில் நின்று வருஷத்தைச் சொல்லுங்கள். சோக் குமிழ் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுப்பது) முழுக்க உள்ளே போகிறதா என்று பாருங்கள், கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றாலே சி.ஓ. ஏறிவிடும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் சி.ஓ. குறையத்தான் செய்யும். கவலை ரப்பர் பைப்புகளைப் பற்றித்தான், முப்பது வருஷப் பைப் என்றால் டெஸ்டுக்குக் காத்திராமல் இந்த வாரமே மாற்றுங்கள்.

கேள்வி: 2006 டீசல் கார், 2,80,000 கி.மீ. டெஸ்டில் ஆக்சிலேட்டரை அடிமட்டம் மிதிக்கிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது. மிதிக்காமல் எடுக்க முடியாதா?
– ஒரு வாசகர், மணலி புதுநகர்

பதில்: முடியாது, டீசலுக்கு டெஸ்டே அதுதான். நியூட்ரலில் முழுசாக மிதித்து வரும் புகையின் கருமையை அளப்பார்கள், உங்கள் வண்டிக்கு 65 எச்.எஸ்.யூ. (அந்தக் கருமைக்கான அலகு) வரை பாஸ். கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்கலாம். ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது) உள்ள வண்டி என்றால், அதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லாத பட்சத்தில், முதலில் அதை மாற்றுங்கள். அந்த மிதியில் பழைய பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்போது நிஜமாகவே இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.