இரு கையாலும் வீசுபவரும் இருபுறமும் ஆடுபவரும்: முதலில் யார் முடிவெடுப்பது?

வணக்கம். உங்கள் அணியின் பந்தெறிபவர் கை மாற்ற, எதிரணி மட்டையாளர் பக்கம் மாற்ற, ஆட்டம் நின்றுபோனதாக எழுதியிருந்தீர்கள். அதிகாரபூர்வ பேஸ்பால் விதி 5.07(எஃப்) இதைத் தெளிவாகத் தீர்க்கிறது: பந்தெறிபவரே முதலில் தம் முடிவைக் காட்ட வேண்டும். பந்தெறிபவருக்கான தட்டைத் தொட்டு நிற்கையில், வீசாத கையில் கையுறை அணிந்திருப்பதே அதற்குப் போதுமானது. அந்த மட்டையாளர் ஆட்டமிழக்கும் வரை, ஓட்டக்காரராகும் வரை, இன்னிங்ஸ் முடியும் வரை, அவருக்குப் பதிலாக வேறொருவர் ஆட வரும் வரை, அல்லது பந்தெறிபவருக்குக் காயம் ஏற்படும் வரை கையை மாற்ற இயலாது. காயத்தால் மாற்றினால், காயமுற்ற கையால் அந்த ஆட்டத்தில் மீண்டும் வீசக் கூடாது. கை மாற்றும்போது பயிற்சி வீச்சுகளும் கிடையா.

மட்டையாளருக்கோ, பந்தெறிபவர் வீசத் தயாராக நிற்கும் நேரம் தவிர, வீச்சுகளுக்கு இடையே பக்கம் மாற உரிமை உண்டு. இந்தச் சலுகை மட்டையாளருக்கே என்பது நியாயம்தான் என்று நான் கருதுகிறேன், ஏனெனில் வீச்சின் வகையும் வேகமும் ஏற்கெனவே பந்தெறிபவரின் கையில்தான் இருக்கின்றன.

உங்களுக்கு நேர்ந்ததே 2008 ஜூனில் இரு கையாலும் வீசும் பாட் வெண்டிட்டிக்கும், இருபுறமும் ஆடும் மட்டையாளர் ரால்ஃப் ஹென்ரிக்கெஸுக்கும் இடையே நேர்ந்தது. அன்று தெளிவான விதி இல்லாததால் நடுவர்கள் மட்டையாளரை முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதன் பின்னரே இவ்விதி உருவானது.