பால் பைத்தானின் கண்ணில் ஒட்டிய சட்டை: உரிக்க வேண்டுமா, விட வேண்டுமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே 4 ஏக்கர் தென்னையும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒன்றரை ஆண்டாக ஒரு பால் பைத்தான் (ball python என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்க்கிறாள். முறைப்படி பதிவும் செய்திருக்கிறோம். இதுவரை ஒவ்வொரு முறையும் ஒரே உறையாகச் சட்டை கழற்றிய பாம்பு, இந்த முறை துண்டு துண்டாக உரித்தது. இரண்டு கண்களிலும் ஏடு போல ஏதோ ஒட்டியிருக்கிறது. வால் நுனியில் பழைய தோல் வளையமாக நிற்கிறது. பன்னிரண்டு நாளாகிறது, இரையும் எடுக்கவில்லை. விற்றவரிடம் கேட்டால், தேங்காய் எண்ணெய் தடவிச் சிறு இடுக்கியால் கண் ஏட்டை எடுத்துவிடலாம் என்கிறார். 900 ரூபாய்க்கு ஒரு ஸ்பிரேயும் அனுப்பினார். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை, சூட்டுக்குச் சிவப்பு பல்பு, அடியில் வெளிநாட்டு மரச்சீவல் வைத்திருக்கிறோம். போன மாதம் அந்த அறைக்கு ஏசி போட்டோம். கண்ணிலிருந்து அதை எப்படி எடுப்பது?

பதில்: எடுக்காதீர்கள். இடுக்கியை மகளிடமிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். பாம்புக்கு இமை கிடையாது. இமைக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதில் ஒன்று கண்ணை மூடிக் காக்கிறது. உடல் சட்டையோடு சேர்ந்து இந்தச் செதிலின் மேலடுக்கும் ஒவ்வொரு முறையும் கழன்று வர வேண்டும். அது கழலாமல் நிற்கும்போது, எது பழைய அடுக்கு, எது உயிருள்ள புதிய செதில் என்று வெறுங்கண்ணால் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். தவறுதலாகப் புதிய செதிலைப் பிய்த்துவிட்டால் கண் திறந்த புண்ணாகி, சீழ் பிடித்து, பார்வை போய்விடும். அப்படிப் போன கண்ணுக்கு மருத்துவமும் கிடையாது.

உண்மையிலேயே ஏடு நிற்கிறதா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கழன்ற துண்டுகளை எறியாமல் வைத்திருந்தால், தலைப்பகுதித் துண்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விரித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் கண்ணாடி வில்லை போன்ற சவ்வு இருந்தால் ஏடு கழன்றுவிட்டது என்றும், ஓட்டை இருந்தால் கண்ணிலேயே நிற்கிறது என்றும் பொருள். ஏடு கழன்ற பிறகும் கண் குழிந்து சுருங்கித் தெரிகிறது என்றால், அது பெரும்பாலும் உடலில் நீர்ச்சத்து குறைந்ததன் அடையாளம். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணித்தான் பலர் கண்ணில் கை வைக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் அவசரமான செய்தி கண்ணைப் பற்றியது அன்று, வாலைப் பற்றியது. வால் நுனியில் வளையமாக நின்ற தோல் காயக் காய இறுகி, நூல் கட்டியதுபோல் இரத்த ஓட்டத்தை நிறுத்தும். அதற்கு மேலும் ஒரு சட்டை சேர்ந்து நின்றால் நுனி கறுத்து அழுகி விழும். ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். காற்றுத் துளையிட்ட, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூட்டில், பாம்பின் உடல் பருமனில் பாதி மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி, இருபது முப்பது நிமிடம் அதில் விடுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் நீரை விட்டுப் பார்த்தால் சூடாகவும் படக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. அந்த நேரம் முழுவதும் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, பாம்பைத் தானாகவே அதனூடே ஊர்ந்து போகவிடுங்கள். துணியின் உராய்வே தோலை இழுத்துவிடும். வால் நுனியை மட்டும் ஈரத்துணியால் சுற்றி, தலைப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மெல்ல உருட்டலாம். வராவிட்டால் இழுக்காமல் மறுநாள் மீண்டும் செய்யுங்கள். மூன்று நான்கு நாளில் வளையம் கழலாவிட்டாலோ, நுனி நிறம் மாறியிருந்தாலோ, ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாம்பு பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் பாம்புக்கு வீண் அலைச்சல் இராது.

கண் ஏட்டைப் பொறுத்தவரை, கூண்டின் ஈரம் சரியாகிவிட்டால் அடுத்த சட்டையோடு அதுவும் சேர்ந்து கழன்றுவிடுவதே வழக்கம். அடுத்த முறையும் நின்றால் மட்டும் மருத்துவர் கையால் எடுக்கட்டும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். ஒன்றரை ஆண்டு ஒழுங்காகச் சட்டை கழற்றிய பாம்பு இப்போது ஏன் தடுமாறுகிறது? சட்டை கழலும் முன் பழைய மேல்தோலுக்கும் அடியில் வளர்ந்துவிட்ட புதிய தோலுக்கும் இடையே ஒரு நீர்மம் சுரந்து இரண்டையும் பிரிக்கிறது. கண் நீலம் பாய்ந்து மங்கித் தெரிவது அந்த நாட்களில்தான். உடலிலும் காற்றிலும் போதிய ஈரம் இல்லாவிட்டால் அந்தப் பிரிவு முழுமையாக நடக்காது. பிரிந்த தோலும் காகிதம் போலக் காய்ந்து, ஒரே உறையாக உருளாமல் கிழிந்துவிடும். உங்கள் தொட்டியில் பல்பு மேலிருந்து காய்ச்சுகிறது, சூடான காற்று வலை வழியே ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது, அடியில் உள்ள மரச்சீவல் ஈரம் பட்டாலே பூஞ்சணம் பிடிக்கும் பொருள் என்பதால் அதை நனைக்கவும் முடியாது. இத்தனையையும் அறையின் காற்றில் இருந்த ஈரம் இதுவரை ஓரளவு ஈடுகட்டி வந்திருக்கிறது. அந்த ஈரத்தையும் ஏசி உறிஞ்சிவிட்டது என்பதே என் கணிப்பு.

இந்தப் பாம்பின் ஊரை நினைத்துப் பாருங்கள். கானா, டோகோ, பெனின் முதலான மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளும் விளைநிலங்களும்தான் அதன் இடம். பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் மறைத்துக்கொள்வதால், பந்து என்று பொருள்படும் ‘பால்’ என்ற ஆங்கிலப் பெயர் பெற்றது. அங்கேயும் மழையற்ற மாதங்களில் காற்று கடுமையாகக் காயும். ஆனால் பாம்பு பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் கிடக்கிறது. கோடையில் உங்கள் தோட்டத்து வரப்பில் ஒரு வளையை வெட்டிப் பார்த்திருப்பீர்கள். மேல்மண் புழுதியாக இருந்தாலும் ஒரு முழ ஆழத்தில் மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும். பால் பைத்தானுக்கு வேண்டியது அந்த வளைதான். காட்சிக்கு வைத்த கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, தோல் ஏன் உரியவில்லை என்று கேட்பது, நிலத்தைக் காயப்போட்டுவிட்டுப் பயிர் ஏன் வாடுகிறது என்று கேட்பதற்குச் சமம்.

அந்த வளையை உருவாக்கத் தேவையான பொருள் உங்கள் களத்து ஓரத்தில் குவிந்து கிடக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையில் ஆற்றாமையாக இருக்கிறது. தென்னை நார்க்கழிவைத்தான் சொல்கிறேன். தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் நீரைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்லக் காற்றுக்கு விடும் பொருள் அது. பொள்ளாச்சியிலிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறிப் போகிறது. அயல்நாடுகளில் பாம்பும் பல்லியும் வளர்ப்பவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் விரிக்கிறார்கள். அந்தக் கழிவு மலையாகக் கிடக்கும் வட்டாரத்தில் இருந்துகொண்டு, ஈரமே ஆகாத மரச்சீவலைக் கடல் கடந்து வரவழைத்து விரிக்கிறோம். பாம்பு வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் சட்டைச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் சொல்லும் முதல் மாற்றம் இதுதான். இதை எத்தனை முறை சொல்லவும் நான் தயங்குவதில்லை.

ஆனால் குவியலிலிருந்து அள்ளி அப்படியே போடாதீர்கள். பச்சை நார்க்கழிவில் உப்பும் மட்டையின் துவர்ச்சாறும் இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடிப்பதை மூன்று நான்கு முறை செய்து, வடியும் நீரின் பழுப்பு நிறம் வெளுக்கும் வரை கழுவுங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை. மழைநீரோ குடிநீரோ பயன்படுத்துங்கள். கடையில் வாங்குவதானால், லோ இசி (உப்பு குறைந்தது) என்று விற்கும், நீரில் மட்டும் கழுவிய கட்டியைக் கேளுங்கள். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தது நாற்றங்காலுக்கு உரியது, பாம்புக்கு வேண்டாம். யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு மக்கவைத்த கம்போஸ்ட் உங்கள் தோப்பில் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். மூடிய தொட்டியில் அம்மோனியா நெடி பாம்பின் நுரையீரலைக் கெடுக்கும்.

கழுவியதை நிழலில் ஆறவிட்டு, ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. நான்கு விரற்கடை ஆழத்துக்கு அதை விரித்து, வலையின் முக்கால் பங்கைப் பலகையாலோ கெட்டி பாலித்தீனாலோ மூடுங்கள். பல்பை அறவே எடுத்துவிட்டு, ஒரு பக்கத்து அடியில் மட்டும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் பொருத்திய சூட்டு விரிப்பை வையுங்கள். அந்தப் பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26 டிகிரி அளவும் இருக்கட்டும். காற்றின் ஈரம் சாதாரண நாட்களில் 55 முதல் 65 விழுக்காடும், கண் நீலம் பாய்ந்ததிலிருந்து சட்டை கழலும் வரை 70 விழுக்காட்டை ஒட்டியும் இருப்பது நல்லது. முள் காட்டும் மலிவான அளவுமானிகளை நம்பாதீர்கள். உணர்கம்பியுள்ள டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்தான். ஈரம் இறங்கும்போது மேலே தெளிக்காமல், மூலைகளில் நீர் ஊற்றி அடியிலிருந்து ஏறவிடுங்கள். மேற்பரப்பு சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில் அழுகும், சளியும் பிடிக்கும். அடியில் ஈரம், மேலே காய்ச்சல் என்பதே கணக்கு. ஒரு மூடி டப்பாவில் பாம்பு நுழையும் அளவு துளையிட்டு, அதற்குள் சற்றுக் கூடுதலாக நனைத்த நார்க்கழிவை நிரப்பி வைத்தால், வேண்டிய நேரத்தில் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். இரையை மட்டும் தனித் தட்டில் கொடுங்கள். துகள் ஒட்டிய இரையை விழுங்கக்கூடாது.

அந்த ஸ்பிரேயைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். தெளித்த சில நிமிடத்தில் காய்ந்துவிடும் எதுவும், இரவும் பகலும் வறண்டு கிடக்கும் கூண்டை ஈடுசெய்யாது. தேங்காய் எண்ணெய் உங்கள் தோட்டத்துச் சொத்துதான், ஆனாலும் பாம்புத் தோலுக்கு வேண்டியது நீர். எண்ணெய் அந்த நீர் உள்ளே போவதைத்தான் தடுக்கும். கூண்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இடுக்கியைப் பரிந்துரைத்தவர் பாம்பை விற்கத் தெரிந்தவரே அன்றி வளர்க்கத் தெரிந்தவர் அல்லர். விற்றவரையே வைத்தியராக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பூச்சிமருந்துக் கடையில் நமக்குச் செய்த கேடு போதாதா? நீங்கள் பதிவு செய்திருப்பது மகிழ்ச்சி. வனஉயிரினச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் இத்தகைய அயல்நாட்டு உயிர்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. தாளில்லாமல் விற்பவரிடம் யாரும் வாங்கக்கூடாது.

உண்ணிப்பேன் இருந்தாலும் சட்டை இப்படி நிற்கும். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும், ஊறவைத்த நீரின் அடியிலும் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், மாட்டுக்கொட்டிலில் உண்ணிக்கு வைத்திருக்கும் மருந்தை நீங்களே எடுத்துப் பூசிவிடாதீர்கள். மாட்டுக்குக் கலக்கும் அளவு சிறிய பாம்புக்கு நஞ்சாகிவிடும். மருத்துவர் எடையிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

இரை எடுக்காததைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். பார்வை மங்கிய பால் பைத்தான் இரையை மறுப்பது இயல்பு; நன்கு வளர்ந்த பாம்பு சில வாரம் உண்ணாமல் தாங்கும். எடையைப் பத்து நாளுக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குடிநீர்க் கிண்ணம் அது முழுவதுமாகச் சுருண்டு படுக்கும் அளவு இருக்கட்டும். அடுத்த முறை கண் நீலம் பாயும் நாளை மகளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அன்றிலிருந்து பாம்பைக் கையில் எடுக்க வேண்டாம். சட்டை கழன்றதும் ஈரத்தோடு விரித்து, கண் வில்லை இரண்டும் வால் நுனியும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.