ஆட்டுக்கு வந்த வைரஸை ஏன் குரங்குச் செல்லில் வளர்க்கிறார்கள்? பிசிஆர் பாசிட்டிவ் என்றால் போதாதா?

கேட்டவர் தக்கலைப் பக்கம் ஆடு வளர்ப்பவர். மூன்று ஆடுகள் மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிந்து செத்துவிட்டன. ஆட்டுக்கொல்லி நோயோ என்று மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறார். வந்த தாளில் பிசிஆர் பாசிட்டிவ், அதற்குக் கீழேயே ‘வீரோ செல்லில் வைரஸ் வளரவில்லை’ என்று ஒரு வரி. எதை நம்புவது, ஆட்டு நோய்க்குக் குரங்குச் செல் எதற்கு என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்பலாம். நான் குலசேகரத்துக்காரன், கால்நடை நோய் ஆய்வகம் ஒன்றில் செல் கல்ச்சர், அதாவது குடுவையில் செல் வளர்க்கும் வேலை, பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய பேர், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பிசிஆர் தேடுவது வைரஸின் மரபணுத் துண்டை. வைரஸ் செத்துப்போயிருந்தாலும் துண்டு மிஞ்சியிருந்தால் காட்டிவிடும். செல் கல்ச்சருக்கு அப்படி இல்லை, தொற்றும் தெம்புள்ள உயிர் வைரஸ் வேண்டும். ஆட்டுக்கொல்லி வைரஸ் கொழுப்புறை போர்த்திய வகை, சூடு தாங்காது. வரும் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால் பல சமயம் ஐஸ் முழுக்க உருகி, குழாய்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், மூக்கில் தேய்த்த பஞ்சுக்குச்சி காய்ந்து விறைத்துப் போயிருக்கும். அதில் மரபணு கிடைக்கும், வைரஸ் வளராது. உங்கள் மாதிரிக்கும் இதுதான் நடந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

சரி, ஐஸ் உருகாமலே வந்திருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு, அங்கேதான் குரங்கு வருகிறது. வீரோ என்பது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய செல் லைன். உடம்பிலிருந்து எடுத்த சாதாரணச் செல்கள் சில தலைமுறை பெருகிவிட்டு நின்றுவிடும், செல் லைன் நிற்காமல் பெருகிக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்க ஆய்வகங்கள் வீரோவைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம், வைரஸ் நுழைந்ததும் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும் இன்டர்ஃபெரானை அதனால் சுரக்க முடியாது, அந்த மரபணுக்களே அதில் இல்லை. அதனால் எந்தெந்த விலங்கின் வைரஸ்களோ அதில் தங்குதடையின்றிப் பெருகும்.

ஆனால் ஆட்டுக்கொல்லி வைரஸ் ஆட்டின் உடம்பில் முதலில் பிடித்து ஏறுவது வெள்ளணுக்களின் மேலிருக்கும் ஸ்லாம் என்ற புரதத்தை. வீரோவில் அது கிடையாது. அதனால் நேரே ஆட்டிலிருந்து வரும் வைரஸ் வீரோவில் தட்டுத்தடுமாறித்தான் நுழையும், ஒரு குடுவையிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றி மாற்றி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், அப்படியும் சில சமயம் ஒன்றும் வராது. இதைத் தாண்ட, இன்னொரு குரங்குச் செல் லைனில் ஆட்டின் ஸ்லாம் மரபணுவைச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், அதில் சில நாட்களிலேயே வைரஸ் தலைகாட்டும். ஆகவே ‘வளரவில்லை’ என்ற வரியை ‘இந்தச் செல்லில், இந்த மாதிரியிலிருந்து வளரவில்லை’ என்று வாசியுங்கள். தாளில் அப்படியே எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அப்படியானால் பிசிஆரோடு நிறுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். நோய் இருக்கிறதா என்று தெரிய அது போதும், ஆடுகளைப் பிரித்துக் கட்டவும் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லவும் அந்த பாசிட்டிவே தாராளம். தடுப்பூசிக்கு அது போதாது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987-ல், செம்மறிகளில். அந்த வைரஸை உயிரோடு பிடித்து, வீரோ செல்லில் 75 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, நோய் உண்டாக்கும் வீரியம் போகச் செய்துதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ‘அரசூர் 87’ தடுப்பூசியை எடுத்தது. 2022-ல் வடக்கே மாடுகளைக் கொத்துக்கொத்தாய்க் கொன்ற தோல் கழலை நோய்க்கு நம் நாட்டில் உருவாக்கிய தடுப்பூசியும் இதே வழிதான், 2019-ல் ராஞ்சியில் பிடித்த வைரஸை வீரோவில் 50 தடவை. கோமாரிக்கு வேறு செல், ஹாம்ஸ்டர் என்ற வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து வந்த பிஎச்கே-21. கோமாரி வைரஸ் அடிக்கடி உருமாறும், போடுகிற ஊசி இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் வைரஸைத் தடுக்குமா என்று பார்க்க, களத்து வைரஸையும் ஊசி போட்ட மாட்டின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஒரே கிண்ணத்தில் செல்லோடு சேர்த்துத்தான் பார்த்தாக வேண்டும். செல் பிழைத்தால் சீரம் தடுத்தது என்று அர்த்தம்.

வைரஸ் வளர்வது கண்ணுக்குத் தெரியும். செல்கள் குடுவையின் அடியில் பாய் விரித்தாற்போல ஒட்டிக்கிடக்கும், மேலே இளஞ்சிவப்புத் திரவம். ஆட்டுக்கொல்லி வைரஸ் ஏறினால் அங்கங்கே பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சவ்வு இணைந்து ஒன்றாகி, ஒரே உடலுக்குள் நிறையக் கருக்கள் கும்பலாய்க் கிடக்கும், அப்புறம் அந்த இடம் கிழிந்து ஓட்டை விழும். மைக்ரோஸ்கோப்பில் முதல் ஓட்டையைப் பார்க்கும் காலைகளுக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன்.

கோழிக்கோட்டில் நிபா என்று செய்தி வரும்போதெல்லாம், 2018-லும் சரி 2023-லும் சரி, கேரள எல்லையான களியக்காவிளையில் சோதனை தொடங்கும், இங்கே ஊருக்குள் வாவல் அடையும் மரத்தை வெட்டச் சொல்லி ஆள் கிளம்பிவிடும். நிபாவையும் முதலில், 1999-ல் மலேசியாவில், வீரோ செல்லில்தான் வளர்த்துப் பிடித்தார்கள். ஆனால் வாவல் அந்த வைரஸை வைத்துக்கொண்டே எப்படி நோகாமல் பறக்கிறது என்ற கேள்விக்கு வீரோ உதவாது. இன்டர்ஃபெரான் இல்லை என்ற எந்தக் குணத்துக்காக அதை வைத்திருக்கிறோமோ, அதே குணம் இங்கே குறுக்கே நிற்கிறது. வாவல் நோயை எப்படி அடக்குகிறது என்று பார்க்க வாவலின் செல்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் கறுப்புப் பழந்தின்னி வாவலின் சிறுநீரகத்திலிருந்து செல் லைன் எடுத்து 2009-ல் வெளியிட்டார்கள், அதன் பிறகே இந்த வகை ஆய்வு சூடுபிடித்தது. நம் ஊர்களில் அடையும் வாவல் வேறு இனம். அதன் செல்லும், நம் நாட்டு ஆட்டின் செல்லும் நம் கையில் இருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். வனத்துறை அனுமதியோடு சிறகில் ஒரு சிறு துணுக்கு எடுத்தால் தொடங்கலாம், மரத்தை வெட்டினால் அவை கலைந்து அடுத்த ஊருக்குப் போவதுதான் மிச்சம்.

பொருந்தாத செல்லில் வளர்த்தால் வைரஸே மாறிவிடும் ஆபத்தும் உண்டு. 2022-ல் வயநாட்டுக்கு வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸுக்குப் பிடித்தது பன்றியின் மேக்ரோஃபேஜ், அதாவது கிருமியை விழுங்கும் வெள்ளணுச் செல். வீரோவுக்குப் பழக்கினால் தன் மரபணுவில் பெரிய துண்டுகளை உதிர்த்துவிடுகிறது, அப்படி வந்த வைரஸ் பன்றியைக் காப்பாற்றவும் உதவுவதில்லை. பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்கள் ‘அதற்கு ஏன் சார் நம் நாட்டில் இன்னும் ஊசி வரவில்லை’ என்று கேட்கிறார்களே, காரணங்களில் இது ஒன்று.

யானைக்கு நிலைமை இன்னும் மோசம். நமக்கு எல்லை தாண்டினால் கேரளத்துக் கோட்டூர், அங்கே யானை மறுவாழ்வு மையத்தில் 2021-ல் குட்டிகள் ஹெர்பிஸ் வைரஸால் அடுத்தடுத்து இறந்தன. அந்த வைரஸைச் செல்லில் வளர்த்துப் பெருக்குவது இன்னும் கைகூடாத காரியம், அதனால் வீரியம் குறைத்த ஊசி என்ற வழியே அடைபட்டுக் கிடக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு ஆசிய யானைக்கு எம்ஆர்என்ஏ ஊசி போட்டுப் பார்த்தார்கள், வைரஸை வளர்க்காமலே அதன் மரபணுவிலிருந்து செய்த ஊசி அது. கோதையாறு மலையிலும் யானை இருக்கிறது, அதனால் அந்த முயற்சியை ஆவலோடு கவனிக்கிறேன்.

இனி உங்கள் ஆடுகளுக்கு வருகிறேன். அடுத்து ஏதாவது ஆட்டுக்குக் காய்ச்சல் தொடங்கினால் கழிச்சல் வரும்வரை காத்திருக்காமல் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், கண், மூக்கு மாதிரியில் வைரஸ் அதிகம் இருப்பது அந்த முதல் நாட்களில்தான். மாதிரியை வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் போடாதீர்கள், மெதுவாக உறைந்தால் வைரஸ் போய்விடும். நிறைய ஐஸ் போட்டு அன்றே அனுப்புவதுதான் சரி. நோய் வராத மந்தைக்கு, நான்கு மாதம் கடந்த குட்டிகள் உட்பட, ஊசி போட்டுவிடுங்கள். அந்த ஊசி மருந்தும் செல்லில் வளர்ந்த உயிர் வைரஸ்தான், சூடு அதற்கும் ஆகாது. ஐஸ் பெட்டியில் வருகிறதா, கலக்கிய மருந்தை வெயிலில் வைக்காமல் உடனே போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.